டேப், என்டர், எஸ்கேப்: சேன்தாந்த்ரே கணினி அறை நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

இந்த வாரம் அறையில் மவுஸ் எல்லாம் அலமாரிக்குள். டச்பேடும் அணைத்தாயிற்று. சேன்தாந்த்ரே, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் ஓர் ஊர். தீவுக்கு வந்திறங்கிய முன்னோர் பெயரைத் தேட இங்கே வருகிறவர்கள் வயதானவர்கள். பலருக்கு விரல் நடுங்கும், தோள்பட்டை பிடித்திருக்கும். அம்புக்குறியைச் சின்ன லிங்க் ஒன்றின்மேல் நிறுத்துவதற்குள் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். விசையில் அந்தத் தொல்லை கிடையாது. தட்டினால் தட்டினதுதான்.

தேடல் முடிவுப் பக்கம் திறந்ததும் எல்லோரும் செய்வது, ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போவது. கூகுளில் முதல் டேப்பிலேயே, அதுவரை கண்ணில் படாத ஓர் இணைப்பு மேல் மூலையில் தோன்றும்: முதன்மை உள்ளடக்கத்துக்குத் தாவச் சொல்லும் இணைப்பு. அதன்மேல் என்டர் தட்டிவிட வேண்டும். தவறவிட்டால் லோகோ, தேடல் பெட்டி, மைக், படத் தேடல், அப்புறம் படங்கள், செய்திகள், வீடியோ என்று ஒவ்வொரு பொத்தானிலும் ஒருமுறை நின்றுதான் போகவேண்டும்.

முடிவுகளுக்குள் வந்த பிறகும் கணக்கு நிற்காது. தலைப்பு ஒரு நிறுத்தம், பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளி இன்னொரு நிறுத்தம், சில முடிவுகளின் கீழே துணை இணைப்புகள் நாலைந்து. 'மற்றவர்கள் கேட்டவை' பெட்டியில் ஒரு கேள்வியை விரித்தால் அடியில் புதிய கேள்விகள் முளைக்கும். டேப் அவற்றிலும் நின்று நின்று போகும். அதனால் 'மூன்றாவது முடிவுக்கு எத்தனை டேப்?' என்ற கேள்விக்கு நிலையான விடை இல்லை. எண்ணிப் பழகுவதை இன்றே விட்டுவிடுவது நல்லது.

எண்ணுவதற்குப் பதில் தாவலாம். கன்ட்ரோல்+எஃப். வேண்டிய தலைப்பில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லின் நாலு எழுத்து. என்டர் தட்டத் தட்ட அடுத்தடுத்த இடத்துக்குப் போகும். சரியான தலைப்பில் நின்றதும் எஸ்கேப். தேடல் பட்டை மூடும், நாம் நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் கோடு, அதாவது குவிய வளையம், அந்த லிங்க்கின்மேல் விழும். இப்போது என்டர் தட்டினால் பக்கம் திறக்கும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இது வேலை செய்கிறது. அந்தச் சொல் தலைப்பில் இல்லாமல் கீழே உள்ள விளக்க வரியில் இருந்தால் எஸ்கேப்புக்குப் பிறகு வளையம் தெரியாது. ஷிப்ட்+டேப் ஒன்றிரண்டு தட்டினால் மேலே இருக்கும் தலைப்புக்கு வந்துவிடலாம்.

இதில் ஒன்றைக் கைக்குப் பதிய வைக்கவேண்டும். அடுத்த டேப் எங்கிருந்து புறப்படும் என்பதை உலாவி தனியாக நினைவில் வைத்திருக்கிறது. கன்ட்ரோல்+எஃப் அந்த இடத்தை நகர்த்தும். ஸ்பேஸ், பேஜ் டவுன், எண்ட் ஆகியவை நகர்த்தாது; அவை தாளை மட்டும் உருட்டும். பக்கத்தின் அடிக்குப் போய் டேப் தட்டியதும் திரை மேலே துள்ளுவது இதனால்தான். கணினி கெட்டுப்போகவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

பிரெஞ்சு விசைப்பலகையான அஸெர்ட்டியைப் பற்றிக் குறை சொல்லாத ஆள் இல்லை. ஆனால் தேடுகிறவருக்கு அது செய்யும் உதவி பெரிது. எண் வரிசையில் ஷிப்ட் இல்லாமலே 3-ல் இரட்டை மேற்கோள், 4-ல் ஒற்றை மேற்கோள், 6-ல் கழித்தல் குறி. தளப் பெயரோடு தேடுவதற்கு வேண்டிய முக்காற்புள்ளியும் ஷிப்ட் கேட்காது. ஒரு பெயரை மேற்கோளுக்குள் அடைத்து, வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் வைப்பதை ஒரே விரலால் முடித்துவிடலாம்.

எழுதியபடியே தேட வைக்கும் மேற்கோள் பெயர் தேடலுக்கு மிகவும் வேண்டும். ராமசாமியைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் இரண்டு எஸ் போட்டு எழுதியிருப்பார்கள், இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் இசட் ஒலி வந்துவிடும் என்பதால். முத்துசாமியின் உகரத்துக்கு ஓ-வும் யூ-வும் சேர்ந்து வரும். ஒரு வடிவத்தை மேற்கோளுக்குள் தேடி, பெட்டிக்குத் திரும்பி ஒரே ஓர் எழுத்தை மாற்றி, மறுபடி தேடவேண்டும். கூகுளில் சாய்கோடு ( / ) தட்டினால் கர்சர் தேடல் பெட்டிக்குள் போகும். அஸெர்ட்டியில் அது ஷிப்டோடு முக்காற்புள்ளி. அது வேலை செய்யாத பக்கத்தில் கன்ட்ரோல்+எல் தட்டி, முகவரிப் பட்டையிலேயே புதிதாகத் தேடலாம். பெட்டிக்குள் கன்ட்ரோல்+இடது அம்பு சொல் சொல்லாகப் பின்னே போகும்; ஷிப்டையும் சேர்த்தால் அந்தச் சொல் தேர்வாகும், மேலேயே தட்டச்சு செய்யலாம்.

கீழ் அம்பைத் தட்டிவிட்டால் பரிந்துரைப் பட்டியலுக்குள் போய், எழுதியது மாறிவிடும். அப்போது என்டரைத் தொடாமல் எஸ்கேப்.

'ரீயூனியன்' என்பதைப் பிரெஞ்சில், எழுத்தின் தலைமேல் வரும் உச்சிக்குறி இல்லாமல் தட்டினாலும் ஃபயர்பாக்ஸின் தேடல் பட்டை கண்டுபிடிக்கும். உச்சிக்குறியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருந்தால்தான் சிக்கல். ஒன்றும் அகப்படவில்லை என்றால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

10 ஜூலை, வியாழன்

இன்று முழுவதும் ஒரே புகார்: எழுதியதை ரத்து செய்யக் கன்ட்ரோல்+இசட் தட்டினால் திறந்திருந்த பக்கமே மூடிக்கொள்கிறது. "தம்பி, நான் ஒண்ணும் பண்ணலியே, தானா போயிடுச்சு!" என்றார் தேட வந்த ஓர் அம்மா. சொன்னது உண்மைதான். அவர் தட்டியது சரியான விசை. தவறு பலகைக்கும் விண்டோஸுக்கும் நடுவே இருந்தது.

விண்டோஸின் தமிழ் விசை அமைப்புகள், ஆங்கிலப் பலகையான க்வெர்ட்டியின் விசை இருப்பிடங்களின்மேல் கட்டப்பட்டவை. தமிழுக்கு மாறிய கணமே, உலாவி கன்ட்ரோல் குறுக்குவழிகளை க்வெர்ட்டி இருப்பிடத்தைக் கொண்டு புரிந்துகொள்கிறது. அஸெர்ட்டியில் இசட் என்று அச்சிட்ட விசை இருப்பது க்வெர்ட்டியின் டபிள்யூ இடத்தில். ஆக, தமிழ் ஓடும்போது கன்ட்ரோல்+இசட் தட்டினால் போவது கன்ட்ரோல்+டபிள்யூ: தாவலை, அதாவது திறந்திருக்கும் பக்கத்தை, மூடு. மூட நினைத்துக் கன்ட்ரோல்+டபிள்யூ தட்டினால் மூடாது, ரத்துதான் நடக்கும். ஏ-வும் க்யூவும் அதேபோல இடம் மாறியிருப்பதால் கன்ட்ரோல்+ஏ முழுதும் தேர்வு செய்யாது. எம் விசையும் வேறிடம். எஃப், எல், டி, டேப், அம்புகள் எல்லாம் இரண்டு பலகையிலும் ஒரே இடத்தில் இருப்பதால் பிழைத்தன.

மூடிய தாவலைக் கன்ட்ரோல்+ஷிப்ட்+டி திருப்பிக் கொண்டுவரும். இந்த ஒன்றை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். பயம் போனால்தான் கை பழகும்.

தமிழ் 99 விசை அமைப்பில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வரைபடம் தேவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருவான இந்த அமைப்பு, அஸெர்ட்டியின் அச்செழுத்தைக் கண்டுகொள்வதில்லை. க்யூ விசையில் அ, ஏ விசையில் ஆ. எம் விசையில் ந. ர இருப்பது காற்புள்ளியில், ழ இருப்பது ஆச்சரியக்குறியில். டபிள்யூவில் ஔ.

அந்த ஔ-வைச் சரியாகத் தட்டுவது முக்கியம். 'கௌரி' என்ற பெயரை க, ஔ என்று தட்டாமல் கெ-வையும் ள-வையும் அடுத்தடுத்து வைத்து 'கெளரி' என்று எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள்; கன்ட்ரோல்+எஃப் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. இரண்டையும் முயலலாம், இல்லையென்றால் பின்பாதி 'ரி'யோடு அடுத்த சொல்லையும் சேர்த்துத் தேடலாம்.

மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸ். விசைப்பலகைக்கான கூடுதல் அமைப்புகளில், ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்ளீட்டு மொழி வைத்துக்கொள்ளும் தேர்வை இயக்கியிருக்கிறோம். எழுதுகிற செயலியில் தமிழ், உலாவியில் பிரெஞ்சு. புகார் நின்றது.

11 ஜூலை, வெள்ளி

மேக்புக் ஒன்று வந்தது. சஃபாரியில் டேப் தட்டினால் இணைப்புகளையெல்லாம் தாண்டி, பெட்டிகளில் மட்டும் நிற்கும். உடைந்ததல்ல, இயல்பு அமைப்பே அப்படி. ஆப்ஷன்+டேப் தட்டலாம், அல்லது சஃபாரி அமைப்புகளின் 'மேம்பட்டவை' பகுதியில், டேப் ஒவ்வொரு உருப்படியிலும் நிற்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யலாம்.

15 ஜூலை, செவ்வாய்

முடிவைத் திறந்து, படித்து, ஆல்ட்+இடது அம்பால் திரும்புவது எல்லோருக்கும் தெரிந்த வழி. திரும்பியதும் வளையம் விட்ட இடத்திலேயே நின்றால் அதிர்ஷ்டம். உலாவி பழைய பக்கத்தை நினைவில் வைக்காமல் மறுபடி ஏற்றினால், டேப் மீண்டும் உச்சியிலிருந்து தொடங்கும்.

அதனால் பட்டியலை விட்டு நகராமலே வேலை பார்ப்பதுதான் மேல். தலைப்பின்மேல் வளையம் வந்ததும் கன்ட்ரோல்+என்டர். பக்கம் பின்னால் புதிய தாவலில் திறக்கும், வளையம் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படி மூன்று நான்கைத் திறந்துவைத்து, கன்ட்ரோல்+டேப்பால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஆகாததை மூடிக்கொண்டே வரலாம். நாலுக்கு மேல் வேண்டாம். எதை ஏன் திறந்தோம் என்பது மறந்துவிடும்.

அடுத்த பக்கத்துக்குப் போக: முடிவுகள் முடிவின்றி நீண்டுகொண்டே போகும் ஏற்பாட்டைக் கூகுள் 2024 ஜூனில் கைவிட்டது. பக்கத்தின் அடியில் மறுபடி எண்களும் 'அடுத்து' இணைப்பும் வந்துவிட்டன. விசைக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. கன்ட்ரோல்+எஃப், பிரெஞ்சில் 'அடுத்து' என்று பொருள்படும் 'சுய்வான்', எஸ்கேப், என்டர். அதற்கு முந்தைய மாதம் வந்த 'வெப்' வடிகட்டியும் கைகொடுக்கிறது: பெட்டிகள், படவரிசைகள் இல்லாமல் வெறும் இணைப்புகள். டேப் நிறுத்தங்கள் கணிசமாகக் குறைகின்றன.

17 ஜூலை, வியாழன்

குக்கி ஒப்புதல் பெட்டி: தளங்கள் நம் உலாவியில் சேமிக்கும் குறிப்புகளான குக்கிகளுக்குச் சம்மதம் கேட்பது. ரீயூனியன் பிரான்சின் மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆகவே பாரிஸில் முளைக்கும் பெட்டி இங்கேயும் முளைக்கும். மறுப்பதை ஏற்பதைப்போல எளிதாக்கவில்லை என்று பிரெஞ்சுத் தரவுக் காப்பு ஆணையமான க்னில், 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. 'எல்லாம் மறு' பொத்தான் முகப்பிலேயே வந்தது அதன் பிறகு. வளையம் எந்தப் பொத்தானில் நிற்கிறது என்று வாசித்த பிறகே என்டர்.

மோசமாகக் கட்டிய தளங்களில் பெட்டி கண்முன்னே நிற்கும், டேப் அதன் பின்னால் மறைந்த பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியின் நிரல் பக்கத்தின் கடைசியில் இருந்தால் இப்படி ஆகும். வளையம் காணாமற்போனால் பதறாமல் டேப்பைத் தொடருங்கள், கடைசியில் பெட்டிக்குள் வரும். குவியம் எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும், விசை எங்கேயும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பவை இணைய அணுகல் நெறிமுறைகளில் 2008 முதல் இருக்கும் விதிகள். ஒட்டிநிற்கும் தலைப்பட்டை குவியத்தை முழுதும் மறைக்கக் கூடாது என்பது 2023-இல் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது. இவ்வளவு காலமாகியும் ஒரு கிழவரை இருட்டில் தடவ விடும் தளங்கள் இருப்பது மன்னிக்க முடியாதது.

21 ஜூலை, திங்கள்

டக்டக்கோ தேடுபொறி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. கீழ் அம்பு அல்லது ஜே அடுத்த முடிவு, மேல் அம்பு அல்லது கே முந்தையது, ஓ அல்லது என்டர் திறக்கும், சாய்கோடு பெட்டிக்கு. தமிழ் 99 ஓடினால் ஜே தட்டும்போது ப-வும் கே தட்டும்போது ம-வும்தான் போகும், முடிவு நகராது. அப்போது அம்புகளையே பிடித்துக்கொள்ளலாம். அவற்றுக்கு மொழி இல்லை.

விசையாலேயே உலாவ உதவும் விமியம் என்ற உலாவி நீட்சியையும் ஒரு கணினியில் போட்டோம். எஃப் தட்டினால் திரையில் தெரியும் ஒவ்வொரு இணைப்பின்மேலும் ஓரிரு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தட்டினால் திறக்கும், பெரிய எஃப் என்றால் புதிய தாவலில். விசை அமைப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கும் தேர்வு இதன் அமைப்புகளில் இருக்கிறது. அடுத்த பக்கத்துக்கு இரண்டு சதுர அடைப்புகள் தட்டவேண்டும். அஸெர்ட்டியில் அதற்கு ஆல்ட்-ஜிஆர் பிடிக்கவேண்டும் என்பதால் வேறு விசைக்கு மாற்றிவிடுங்கள். விமியம் தேடும் 'அடுத்து' சொற்களின் பட்டியலில் ஆங்கிலமும் அம்புக்குறிகளும் மட்டுமே இருக்கும். 'சுய்வான்' என்பதன் பிரெஞ்சு எழுத்தையும், தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்கள் 'அடுத்து' என்பதையும் காற்புள்ளி போட்டுச் சேர்க்கவேண்டும். சேர்க்காமல் 'வேலை செய்யவில்லை' என்று நீக்கிவிடுகிறார்கள்.

22 ஜூலை, செவ்வாய்

பார்வை மங்கிய ஒருவருக்காக என்விடிஏ போட்டோம். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். கூகுளில் முடிவுத் தலைப்புகள் தலைப்பு நிலையில் குறிக்கப்பட்டிருப்பதால் ஹெச் தட்டத் தட்ட ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், இடையில் உள்ள மூன்று புள்ளிகளை வாசிக்காது. தேடல் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு ஹெச் எழுத்தாகவே விழுந்தால், எஸ்கேப் தட்டி உலாவும் நிலைக்குத் திரும்பவேண்டும். தமிழ்ப் பக்கத்தில் எழுத்து வாசிக்காமல் மௌனமாக நின்றால், தமிழ் பேசும் குரல் நிறுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம், காற்புள்ளி, ஆச்சரியக்குறி: ஏழு விசைகளுக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் வெட்டியாயிற்று. எழுத்தை மறைக்காமல், விசையின் கீழ் ஓரத்தில்.