தை பிறக்கறதுக்குள்ள

மார்கழி 4
மறுபடியும் கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரிசையாத் தடிப்பு. "கொசுடி" என்கிறாள் அம்மா. கொசு கோடு போட்டா கடிக்கும்?

மார்கழி 5
மழை.

மார்கழி 7
பிடிச்சாச்சு. கோயில் ஸ்பீக்கர் போடறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தலையணைத் தையல் ஓரத்தில ரெண்டு மூட்டைப்பூச்சி. ஒண்ணு குடிச்சு உப்பிக் கருஞ்சிவப்பா, இன்னொண்ணு தட்டையா, பழுப்பா. நசுக்கினதும் கொத்தமல்லிக் கட்டு அழுகின மாதிரி வாடை. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "வெளியில மூச்சு விடாத" என்றாள்.

அவளையும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. சிலர் உடம்பு காட்டிக்கொடுக்காது. விரிப்பில அவள் பக்கம்தான் கறுப்புப் புள்ளி ஜாஸ்தி.

மார்கழி 8
நாச்சியார்கோயிலிலிருந்து போன். தை 6 என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்களாம். அப்பா சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார். நான் சோபாவையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

மார்கழி 11
கட்டிலைக் கழட்டினோம். தாத்தா காலத்துத் தேக்கு. காலும் சட்டமும் சேர்ற பொருத்துல ஊக்கை விட்டுக் கிண்டினா முதல்ல கறுப்புப் பொடி, அப்புறம் உரிச்ச தோல், ஊதினாலே பறக்குது. அதுக்கும் உள்ள முட்டை: வெள்ளையா, ஒரு மில்லிமீட்டர் இருந்தா அதிகம், மரத்தோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினோம். 50 டிகிரிக்கு மேல போனா முட்டைகூடத் தாங்காது. "மரம் ஊறிடும்டி"ன்னு அப்பா நிலைப்படியில நின்னு புலம்பினார்.

அதோட விட்டாரா? சம்பாவுக்கு அடிச்ச மருந்து அரை பாட்டில் மிச்சம் இருக்காம், கலந்து அடிச்சா ஒரே ராத்திரியில முடிஞ்சுடுமாம். படுக்கிற இடத்துலயா! அம்மா பாட்டிலைப் பிடுங்கிட்டுப் போய் மோட்டார் கொட்டகையில வச்சுப் பூட்டிட்டாள்.

மார்கழி 12
கடிக்கலை.

மார்கழி 13
கழுத்துல.

மார்கழி 16
மெத்தையை மாடிக்குத் தூக்கினோம். பத்து மணி வரைக்கும் பனி, அப்புறம் வர்ற வெயில் மெத்தையோட மேல்துணியைத் தாண்டலை. எதிர்வீட்டு அத்தை, "என்ன பாப்பா, மார்கழியில மெத்தை?" "ஈரம் அத்தை."

அண்ணன் போன்ல, "குளிருக்குச் செத்துடும் விடு" என்கிறான். வலங்கைமான்ல ராத்திரி 20 டிகிரி, அதுகளுக்கு அது சொகுசு. குளிர்ந்தா மந்தமாகும், முட்டை பொரிய நாளாகும், பட்டினியாவே மாசக்கணக்காக் கிடக்கும். சாகணும்னா ஃப்ரீசர் குளிர் வேணும். தலையணை உறையைப் பாலிதீன் பையில கட்டி அங்கதான் வச்சிருக்கேன். அம்மா ஃப்ரிட்ஜ் பக்கமே வரலை, இன்னிக்கு உப்புமா.

இவன் தீபாவளிக்குத் திருப்பூர் ரூம்லேர்ந்து கொண்டுவந்த பைதான். அந்த நீலப் பை.

மார்கழி 20
கும்பகோணத்திலிருந்து மருந்தடிக்கிறவர் வந்தார். பைக்கைக் கொல்லைப் பக்கம் நிறுத்தச் சொல்லி அந்த வழியாவே உள்ள விட்டாள் அம்மா. தெருவுக்குத் தெரியக் கூடாதாம். சோபாவைக் கவுத்துப் போட்டு அடித்துணியைக் கிழிச்சுக் காட்டினார். நான் பார்க்கலை. பழைய மருந்தெல்லாம் அதுகளுக்குப் பழகிப்போச்சாம். "முட்டையை இது ஒண்ணும் பண்ணாதும்மா. பொரிஞ்சு வரும், ரெண்டு வாரத்துல இன்னொரு தடவை அடிச்சே ஆகணும்."

எண்ணிப் பார்த்தா தை 4. அவங்க வர்றது தை 6.

மார்கழி 27
கூடாரவல்லி. அக்காரவடிசில் கையில வாங்கினப்ப பட்டர் என் கையைப் பார்த்தாரோ?

போகி
பாய், தலையணை, என் பழைய போர்வை எல்லாத்தையும் வாசல்ல போட்டுக் கொளுத்தினோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கட்டிலைக் கேட்டேன். "என்னையும் சேர்த்துப் போடு" என்றார் அப்பா.

தை 1
அண்ணன் வந்தான். அதே நீலப் பை. வாசல்லயே வாங்கி, துணி மொத்தத்தையும் வெந்நீர்ல போட்டேன். பொங்கலும் அதுவுமா இப்படியா நடத்துவீங்கன்னு கத்தினான். கத்தட்டும். கைலியோட உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டான்.

தை 4
ரெண்டாவது மருந்து. இந்தத் தடவை வேற வாசனை. ஜன்னலைத் திறந்து போட்டா எதிர்வீடு கேட்கும்.

தை 5
நாளைக்கு ராகுகாலம் பார்க்கலாம்னு தினக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தேன். அட்டைக்குப் பின்னால ஒண்ணு. குஞ்சு. இன்னும் ஒரு தடவைகூடக் குடிக்காதது, உடம்பு வழியா சுவர் தெரியுது.

அம்மாகிட்ட சொல்லலை. அவள் முழுக்கை ரவிக்கை தேடிக்கிட்டிருக்கா, எனக்கு. வந்தவங்க மடியில ஒண்ணு ஏறிப் போச்சுன்னா நமக்கு முன்னாடி அது சம்பந்தம் பேசிடும்.

சோபா வேண்டாம், வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துடலாம்னு அப்பாகிட்ட சொன்னேன். எதுக்குன்னு அவர் கேட்கலை. எத்தனை பேர் வர்றாங்கன்னுதான் தெரியலை