வாலில் ஒரு கிலோ, மூக்கில் மூன்று

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் டிராயிங் போட்டவன் நான். பல்லடம் பக்கம் தோட்டத்து ஷெட்டில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் வால் வேலைக்குக் கூப்பிட்டார். அலுமினியத் தகடு, ரிவெட், ஃபிரேம் எல்லாம் கைப்பழக்கம்தானே என்று எங்கள் டிங்கர் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பஸ்ஸின் பின்பக்கம் பத்துக் கிலோ கூடினால் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் புத்தியோடுதான் ஆரம்பித்தோம்.

வாலில் படுக்கையாக இருக்கும் பலகையான கிடைவாலும் இறக்கையைப் போல மேலே தூக்கும் என்றுதான் மேஸ்திரி நினைத்திருந்தார். பெரும்பாலும் அது கீழேதான் அழுத்துகிறது. விமானத்தின் எடை மையம், இறக்கை தூக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். மூக்கு கவிழாமல் வால் பிடித்துக்கொள்ளும். ஒற்றைத் தட்டு நிறைகோலான பழைய வெள்ளிக்கோலைச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ரைட் சகோதரர்கள் 1903இல் இந்தக் கிடைப்பலகையை மூக்குக்கு முன்னால் வைத்து, அது துள்ளியதைச் சமாளித்தே பறந்தார்கள். 1910இல் வந்த அவர்களுடைய மாடல் பி விமானத்தில் அது பின்னால் போய்விட்டது.

வாலின் பரப்பைக் கண்டுபிடிப்பது சுலபமான கணக்கு. வால் பரப்பை வால் தூரத்தால், அதாவது எடை மையத்திலிருந்து வால் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, அதை இறக்கைப் பரப்பும் முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை அதன் சராசரி அகலமும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். இந்த மாதிரி விமானங்களுக்கு 0.5 அளவில் வைப்பார்கள். எங்கள் இறக்கை 11 சதுர மீட்டர், அகலம் 1.25 மீட்டர், வால் தூரம் 3.6 மீட்டர். வால் 1.9 சதுர மீட்டர் வந்தது.

ஆனால் ஷெட் பத்தவில்லை. தூரத்தை 3 மீட்டராகக் குறைத்து, வாலை 2.3 சதுர மீட்டராகப் பெரிதாக்கினால் அதே 0.5 வருகிறதே என்று நானே சொன்னேன். வரும்தான். ஆனால் மூக்கு மேலும் கீழும் ஆடும்போது அந்த ஆட்டத்தை அடக்கும் சக்தி, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பைக் கூட்டியும் அதில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மறுவாரமே ஷெட்டின் பின்சுவரை இடித்தோம். அதுதான் மலிவு.

கிடைவாலின் பின்பக்கம் கீலில் மேலும் கீழும் அசையும் பலகைதான் எலிவேட்டர். அதன் அளவை முடிவு செய்தது பறப்பதல்ல, இறங்குவது. இறக்கையின் பின் ஓரத்து மடிப்பான ஃபிளாப்பை இறக்கி, எடை மையம் முன்தள்ளி இருக்கும்போது, தரைக்குப் பக்கத்தில் மூக்கைத் தூக்கத்தான் அதிக பலம் வேண்டும். வால் பரப்பில் நாற்பது சதவீதம் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்து நான் இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எலிவேட்டர் கண்ணாடியாக மின்னுகிறது. ரிவெட் தலை கட்டைவிரலுக்குத் தட்டுப்படக் கூடாது என்பது மேஸ்திரியின் தொழில் மானம். பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்திருந்தார். கீலில் மாட்டிக் கையை எடுத்தேன். முன்பு விட்ட இடத்தில் நின்ற எலிவேட்டர், இப்போது பின் ஓரம் தொங்கிக் கீழே போய் நின்றது.

கீலுக்குப் பின்னால் எடை கூடினால் வேகத்தில் எலிவேட்டர் படபடக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் வாலையே பிய்த்துக்கொண்டு போகவும் நேரம் ஆகாது.

“கீலுக்கு முன்னாடி ஈயத்தைக் கூட்டிட்டாப் போச்சுங்க தம்பி” என்றார்.

கூட்டலாம். ஆனால் வாலில் ஒரு கிலோ ஏறினால், எடை மையம் நகராமல் இருக்க, அதற்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கும் எங்கள் எஞ்சின் பக்கம் மூன்று கிலோ வைக்க வேண்டும். தூக்க வேண்டியது நான்கு கிலோ.

அவர் ஒன்றும் பேசவில்லை. உப்புத்தாளை எடுத்தார். சாயங்காலம் வரை தேய்த்து, உதிர்ந்த தூளையெல்லாம் நியூஸ்பேப்பரில் கூட்டி அள்ளித் தராசில் வைத்தார். 410 கிராம்.

“அப்ப மூக்குல ஒண்ணேகால் கிலோவுங்களா?”

ஆமாங்க என்றேன். அப்புறம் வாலின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.