சுங்க வரிக் குறியீட்டுத் தாளை எழுதுவோருக்கு: பெயரைத் தேடாதீர்கள், குறிப்பைப் படியுங்கள்

சரக்கு வகைப்படுத்தல் தாளில் முதல் முறை நான் தேர்ச்சி பெறவில்லை. வரி அட்டவணையைத் தேர்வறைக்குள் கொண்டுசெல்ல அனுமதி இருந்ததால், பொருளின் பெயரைக் கண்டுபிடித்து அதற்கு நேரே உள்ள எண்ணை எழுதிவிட்டால் போதும் என்ற எண்ணத்தில்தான் போயிருந்தேன். உலர் எடை (நீரை நீக்கினால் மிஞ்சும் திடப்பொருளின் எடை) 8 சதவீதம் கொண்ட தக்காளிச் சாற்றுக்குக் குறியீடு கேட்டிருந்தார்கள். 2009.50 என்ற துணைத்தலைப்பில் தக்காளிச் சாறு என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அதை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போனேன். ஆனால், உலர் எடை 7 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள தக்காளிச் சாற்றை 2002 என்ற தலைப்பில் வைக்க வேண்டும் என்று 20-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்தேனா என்பதைச் சோதிக்கவே வினாவில் 8 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். (Harmonized System) என்ற, சரக்குகளுக்கு எண் கொடுக்கும் பெயரிடல் முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. 21 பிரிவுகளும் 97 வரை எண்ணிடப்பட்ட அத்தியாயங்களும் கொண்ட இதில், முதல் 6 இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது; அதற்கு மேல் வருபவை அந்தந்த நாடு தன் தேவைக்குச் சேர்த்துக்கொண்டவை. இவ்வளவும் எல்லோரும் மனப்பாடம் செய்வதுதான். மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது ஆறு பொது விளக்க விதிகள். அவற்றில் முதலாவதே பெரும்பாலான வினாக்களை முடித்துவிடும்: பிரிவு, அத்தியாயம் ஆகியவற்றின் பெயர்கள் அடையாளத்துக்கு மட்டுமே, நான்கிலக்கத் தலைப்பின் சொற்களும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே வகையைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே இரண்டாம் முறை தயாரானபோது குறியீடுகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் ‘இதில் அடங்காதவை’ என்று தொடங்கும் குறிப்பை மட்டும் ஒரு தனி நோட்டில் எழுதிக்கொண்டேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் அதைப்போல் பயன்பட்டது வேறொன்றுமில்லை. பிளாஸ்டிக் பொம்மையை 39-ஆம் அத்தியாயத்தில் தேடிக்கொண்டிருப்பவர், 95-ஆம் அத்தியாயப் பொருள்களை அந்த அத்தியாயத்தின் குறிப்பே வெளியேற்றிவிடுகிறது என்று தெரிந்திருந்தால் நேரே 9503-க்குப் போயிருப்பார்.

பலரும் தடுமாறும் இடம் மூன்றாம் விதி. ஒரு பொருள் இரண்டு தலைப்புகளுக்குப் பொருந்துவதுபோல் தோன்றியதும், ‘முதன்மைத் தன்மை’ (பொருளுக்கு அதன் அடிப்படை இயல்பைத் தரும் பகுதியை வைத்து வகைப்படுத்துவது) என்று எழுதிவிடும் அவசரம் எனக்கும் இருந்தது. அது 3(ஆ). அதற்கு முன்னால் 3(அ) இருக்கிறது: பொதுவாகச் சொல்லும் தலைப்பைவிடக் குறிப்பாகச் சொல்லும் தலைப்பே மேலோங்கும். கார்களில் விரிப்பதற்கென்றே தயாரித்த, டஃப்டிங் முறையில் (அடித்துணியில் நூலை ஊசியால் கோத்து) செய்த கம்பளம், வாகன உதிரிபாகங்களுக்கான 8708-க்குப் போகாமல் 5703-க்குப் போவது இதனால்தான். இரண்டும் உதவாதபோது மட்டுமே, எண்வரிசையில் கடைசியாக வரும் தலைப்பை எடுக்கும் 3(இ).

ஜவுளிக்கு இந்த விதிகளை எடுக்கும் முன்பே 11-ஆம் பிரிவின் இரண்டாம் குறிப்பைப் பார்த்துவிட வேண்டும். 40 சதவீதம் பருத்தி, 30 சதவீதம் செயற்கைத் தொகுப்பிழை, 30 சதவீதம் விஸ்கோஸ் போன்ற மறுஆக்க இழை கலந்த நெய்த துணியைப் பருத்தித் துணி என்று எழுதத்தான் கை போகும். அந்தக் குறிப்போ முதலில் அத்தியாயத்தைத் தீர்மானிக்கச் சொல்கிறது. பிந்திய இரண்டும் குறு இழைகளாக (சிறு நீளத்துக்கு வெட்டிய இழைகளாக) இருந்தால் 55-ஆம் அத்தியாயத்துக்கு உரியவை, சேர்ந்து 60 சதவீதம். அங்கே இரண்டும் சம எடை என்பதால் கடைசித் தலைப்பான 5516 விடையாகிறது.

துணைத்தலைப்புகளில் பெயருக்கு முன்னால் இருக்கும் சிறுகோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒற்றைக் கோட்டுத் துணைத்தலைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்த பிறகே அதன் கீழுள்ள இரட்டைக் கோட்டுத் துணைத்தலைப்புகளுக்கு இறங்க வேண்டும். இது ஆறாம் விதி.

வரி விகிதப் பகுதியில் குறியீடு சரியாக இருந்தும் மதிப்பெண் போவதுண்டு. விகிதம் மதிப்பின் மேலா, எடை போன்ற அளவின் மேலா, இரண்டும் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். சலுகை விகிதத்தை, பொருளின் பிறப்பிடத்துக்குச் சான்று உண்டு என்று வினா சொன்னால் மட்டுமே எடுங்கள். சரக்கு எந்த நாட்டிலிருந்து கப்பலேறியது என்பது மட்டும் அதற்குப் போதாது. சுங்க வரி 10 சதவீதம், வரி சேர்த்த மதிப்பின் மேல் உள்நாட்டு வரி 15 சதவீதம் என்றால், 1,000 மதிப்புள்ள சரக்குக்கு மொத்தம் 250 ஆகாது. 100-உடன், 1,100-இன் 15 சதவீதமான 165 சேர்ந்து 265.

பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பவர்கள் விடைக்குறிப்பு எச்.எஸ். முறையின் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த ஒன்றில் ஸ்மார்ட்போனுக்கு 8517.12 என்று இருந்தது. 2022 பதிப்பில் அந்த எண்ணே இல்லை, ஸ்மார்ட்போன் 8517.13-இல் தனியாக நிற்கிறது. ட்ரோன்களுக்கு 8806 என்ற தலைப்பும் அந்தப் பதிப்பில் வந்ததுதான். அடுத்த பதிப்பு 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது.