டார்ட்மூரின் கற்சிலுவைகளைத் தேடி

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு பெரிய மேட்டுநிலம். மரம் அபூர்வம், புல்லும் சதுப்பும் பாறையும்தான். மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவர்கூடத் தெரியமாட்டார். கிழக்கே பக்ஃபாஸ்ட், மேற்கே டேவிஸ்டாக், புக்லண்ட் என்று துறவி மடங்கள். சாலையே இல்லாத காலத்தில் இடையில் நடந்தவர்களுக்கு வழி சொன்னவை கருங்கல் சிலுவைகள்.

டார்ட்மூரில் உள்ள பிரின்ஸ்டவுன் என்ற ஊரிலிருந்து தென்கிழக்கே சுமார் 4 கிலோமீட்டர். ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். காற்று பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசியில் தெரிந்தது நன்ஸ் கிராஸ். சிவார்டு சிலுவை என்றும் சொல்வார்கள். 1240-ல் அரச வனத்தின் எல்லையைச் சுற்றி வந்தவர்களின் பதிவிலேயே இந்தப் பெயர் இருக்கிறது; அப்படியானால் அன்றைக்கே இது நின்றிருந்தது! ஏழடிக்கு மேல் உயரம், குட்டையான கைகள். ஒரு முகத்தில் சிவார்டு என்ற பெயர், மறுமுகத்தில் புக்லண்டைக் குறிக்கும் எழுத்துகள். எல்லைக்கல்லும் அதுவே, வழிகாட்டியும் அதுவே, முழந்தாளிடும் இடமும் அதுவே. இறைவனை அன்றாட வேலையிலிருந்து பிரித்து வைக்காத மனம் அது என்று தோன்றியது. ஈரக் கல்லைத் தொட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன்.

உடைந்த தண்டை 19-ஆம் நூற்றாண்டில் இரும்புப் பட்டை போட்டு இணைத்திருக்கிறார்கள். இது தப்பியது. டார்ட்மூரில் எத்தனையோ சிலுவைகள் தோட்டத்து வாசல் தூணாகிவிட்டன. மனது வலித்தது. அவற்றைத் தேடிப்பிடித்து மறுபடி நட்டவர்களுக்காகவும் ஒரு ஜெபம் சொன்னோம்.

அப்புறம் சைல்டு கல்லறை. பனிப்புயலில் சிக்கிய சைல்டு என்ற வேட்டைக்காரர், குளிருக்குத் தன் குதிரையைக் கொன்று அதன் வயிற்றுக்குள் ஒடுங்கியும் உறைந்து இறந்தார் என்பது ஊர்க்கதை. இப்போதிருக்கும் சிலுவை பிற்காலத்தில் வைத்தது. இருந்தாலும் வழியிலேயே உயிர்விட்டவர்களை நினைத்து, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக, அதாவது இறந்தபின் விண்ணகம் சேருமுன் தூய்மை பெற்றுக்கொண்டிருப்பவர்களுக்காக, வேண்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் அங்கே இல்லை. பக்கத்தில் ஃபாக்ஸ் டார் சதுப்பு இருக்கிறது. வரைபடம் இல்லாமல் போகாதீர்கள்.

போகிறவர்கள் முதலில் பக்ஃபாஸ்டில் திருப்பலி காணுங்கள். 1018-ல் தோன்றி 1539-ல் மூடப்பட்ட மடம் அது. 1882-ல் துறவிகள் திரும்பி வந்து, 1907 முதல் 1938 வரை தங்கள் கையாலேயே கோயிலை எழுப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு மேட்டில் ஏறினால், யார் நடந்த வழியில் நடக்கிறோம் என்பது தெரியும்.