விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்

சமூக நீதி முதுகலைப் படிப்பின் இரண்டாம் செமஸ்டரில், 2022ஆம் ஆண்டு, களப்பணிக்காக விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு நாங்கள் நான்கு மாணவிகள் போயிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்து என் கையில் கொடுத்தார். ரேஷன் கடை வரிசையில், பலர் முன்னிலையில், சாதிப் பெயரைச் சொல்லி அவரைத் திட்டித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். "பாப்பா, அந்த வார்த்தைய சொன்னது இதுல எழுதியிருக்கான்னு பாரு" என்றார். அறிக்கையில் 'அசிங்கமாகத் திட்டி' என்று இருந்தது. பிரிவுகள் என்ற இடத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) என்று இருந்தன. சாதியம் பற்றி அரை மணி நேரம் தடையின்றிப் பேசக்கூடிய எங்கள் நால்வரில் ஒருவருக்கும், அங்கே எந்தப் பிரிவு விடுபட்டிருக்கிறது என்பது தெரியவில்லை. எங்களுடன் வந்திருந்த களப் பொறுப்பாளர் வாங்கிப் பார்த்து, இரண்டே நிமிடத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் சேர்க்கப்படவே இல்லை என்று அவருக்கு விளக்கினார்.

முதல் செமஸ்டரில் நான் விருப்பப் பாடம் தேர்ந்தெடுத்த விதத்தை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். தலைப்பு என் கருத்தோடு ஒத்துப்போனது. தோழிகள் இருவர் அதே தாளை எடுத்திருந்தார்கள். அகமதிப்பீட்டில் மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். நான் முன்பே நம்பியதைத் தெளிவான சொற்களில் திரும்பச் சொல்ல அந்தத் தாள் கற்றுக்கொடுத்தது என்பது உண்மை. ஆனால் அறுபது மணி நேர வகுப்புக்குப் பிறகும், அதுவரை எனக்குப் படிக்கத் தெரியாதிருந்த ஒரு காகிதத்தைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு செமஸ்டரிலும் பட்டியல் வந்தபோது எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்தத் தாளை முடித்த பின், இன்று என் கண்ணுக்கு வெறும் எழுத்தாகத் தெரியும் எந்த ஆவணத்தை நான் வாசிக்கப் போகிறேன்?

மூன்றாம் செமஸ்டரில் சட்டத்துறை நடத்திய தாளை எடுத்தேன். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதன் 1995ஆம் ஆண்டு விதிகள், 2015இல் நிறைவேறி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு ஆகியவற்றை வரிவரியாகப் படித்தோம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவின் கீழ் தனிக் குற்றம் என்பதும், அந்தச் சட்டத்தின் கீழான வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதும், அந்த அம்மா 'அந்த வார்த்தை' என்று சொன்னதை எழுத்தில் கொண்டுவராமல் விட்டதால் அவருக்கு என்னென்ன கிடைக்காமல் போயின என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. ரேஷன் கடை வரிசை என்ற இடமும், வரிசையில் நின்றவர்களின் பெயர்களும் புகாரிலேயே இருந்திருக்க வேண்டும். வழக்கின் உயிர் அதில்தான் இருந்தது.

சட்டம் சார்ந்த தாளை எடுப்பவர்கள் பாடத்திட்டத்தின் வயதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். நான் படித்தபோது இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்தது; 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய தாள் ஒன்றில் ஏழு வகைக் குறைபாடுகளோடு பட்டியல் நின்றுவிட்டால், அது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது என்று பொருள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்கிறது. பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும். ஆனாலும் பெரும்பாலோர் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறோம்.

எனக்கு அதிகம் கொடுத்த தாள், நான் மிகவும் தயங்கி எடுத்தது. பொருளாதாரத் துறையின் பொது நிதி. வகுப்பில் சமூக நீதித் துறையிலிருந்து நான் ஒருத்திதான். முதல் இரண்டு வாரங்கள் எதுவும் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் ஆசிரியர் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களைக் கட்டாக மேசையில் வைத்து, பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். எல்லோரையும் போல நானும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஏம்மா, பள்ளிக்கல்வி, நெடுஞ்சாலை, வேளாண்மை எல்லாம் அவங்களுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, 789 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினார். சிறப்புக் கூறுத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு துறையும் பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கும் தொகை, அந்தந்தத் துறையின் புத்தகத்துக்குள் 789 என்ற சிறு தலைப்பின் கீழ் வரும். பழங்குடியினருக்கு அது 796. எழுபதுகளில் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு.

அன்று மாலை வரை அந்தப் புத்தகங்களை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. எந்த வரி உண்மையிலேயே ஒரு குடும்பத்தையோ ஒரு குடியிருப்பையோ போய்ச் சேர்கிறது, எந்த வரி எல்லோருக்குமான பொதுச் செலவில் ஒரு பங்கை ஏட்டளவில் பட்டியல் சாதியினர் கணக்கில் காட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அநீதி கூச்சலோடும் வரும், கணக்குத் தலைப்பின் கீழ் அமைதியாகவும் வரும். இரண்டாவதைக் காண்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. சமூக நீதி பயில வருகிறவர்கள் எண்களைக் கண்டு ஒதுங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. நம் மக்களுக்கான பணம் எண்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

புள்ளியியல் தாளைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மாவட்டத்தில் வன்கொடுமை வழக்குகளின் எண்ணிக்கை கூடினால் கொடுமை கூடியது என்று மட்டும் கொள்ள முடியாது; புகார் கொடுக்கும் துணிவும் பதிவு செய்யும் வழக்கமும் கூடியிருக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைப் பழக்கமாக்கிக்கொள்வதற்காகவே அதை எடுக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கோட்பாட்டுத் தாள்களை நான் வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்காம் செமஸ்டரில் அரசியல் நிர்ணய சபை விவாதங்களை மூலத்திலேயே வாசிக்கும் தாள் ஒன்று இருந்தது. தீண்டாமை ஒழிப்புப் பிரிவை 1948 நவம்பர் 29 அன்று சபை ஏற்றுக்கொண்டது என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1947 ஏப்ரலில், வங்கத்திலிருந்து வந்த பிரமத ரஞ்சன் தாக்கூர், சாதியமைப்பையே ஒழிக்காமல் தீண்டாமையை எப்படி ஒழிப்பீர்கள் என்று அதே சபையில் கேட்டார் என்பதை அந்தத் தாளில்தான் படித்தேன். கேள்வி எழுந்தது, பதிவானது, அரசியலமைப்பில் பதினேழாவதாக இடம்பெற்ற அந்தத் தீண்டாமை ஒழிப்புப் பிரிவில் அதற்கு இடமில்லாமல் போனது. சட்டத் தாள் எனக்குப் பிரிவுகளைக் கற்றுத்தந்தது என்றால், அந்தப் பிரிவுகள் எதைச் சொல்லாமல் விட்டன என்பதை இந்தத் தாள் காட்டியது. ஒன்றில்லாமல் மற்றொன்றை நான் படித்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

நடைமுறையில், வேறு துறைத் தாள்களுக்குப் பெரும்பாலும் இருக்கை குறைவு, கால அட்டவணையும் மோதும். பதிவுக்கு முன்பே அந்த ஆசிரியரை நேரில் பார்த்து, முந்தைய ஆண்டின் வினாத்தாளையும் ஒப்படைப்புகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்படைப்பு முழுவதும் கட்டுரையாக இருந்தால் ஒரு வகைத் தாள். ஓர் ஆவணத்தைக் கொடுத்து 'இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை' என்று கேட்டிருந்தால் அது இன்னொரு வகை.

நான் எடுக்காமல் விட்ட தாள் ஒன்று இன்றுவரை உறுத்துகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய தாள், காலை எட்டரை மணிக்கு இருந்தது. விடுதியிலிருந்து பேருந்து பிடித்து வர வேண்டும் என்பதற்காக, மதியம் நடந்த வேறொன்றை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த பின் வீட்டுமனைப் பட்டாவுக்கான கணக்கெடுப்பு ஒன்றில், காது கேளாத, வாய் பேசாத ஓர் அண்ணனின் வீட்டுக்குப் போனேன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய தங்கை பதில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அவர் கைகளை அசைத்து ஏதோ சொல்ல முயன்றதையும், தங்கை "ஒண்ணும் இல்லக்கா, நீங்க எழுதுங்க" என்று சொன்னதையும் பார்த்துக்கொண்டே எழுதினேன். மனை யார் பெயரில் வர வேண்டும் என்ற கேள்விக்கும் தங்கை சொன்னதுதான் படிவத்தில் ஏறியது. என்னுடன் படித்து அந்தத் தாளை எடுத்திருந்த தோழியிடம் இதைச் சொன்னபோது, அவள் கேட்ட முதல் கேள்வி, "சைகை மொழி பெயர்ப்பாளரை ஏன் கூப்பிடவில்லை?" என்பது. அப்படி ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரமே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். அண்ணன் முக்கால் மணி நேரம் பேசினார். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, அவர் சொன்னதைப் புதிதாக எழுதினோம்.