சீன இசை ஒப்பீட்டுக் கேள்விக்குப் படிப்பவர்களுக்கு

முதுகலையில் உலக இசைத் தாள் எடுப்பவர்கள், சீன மரபிசையைப் பிற பண்பாடுகளின் நாட்டுப்புற இசையோடு ஒப்பிடும் கேள்விக்குக் கட்டாயம் தயாராக இருங்கள். எங்கள் வகுப்பில் பலரும் "சீன இசை ஐந்து சுர இசை" என்று ஆரம்பித்து, அதிலேயே ஒரு பக்கத்தை ஓட்டிவிட்டார்கள். ஐந்து சுரம் சீனாவுக்கு மட்டுமா சொந்தம்? ஸ்காட்லாந்துப் பாடல்களில் இருக்கிறது. ஹங்கேரியக் கிராமங்களில் பார்டோக், கோடாய் என்ற இசையமைப்பாளர்கள் சேகரித்த பழைய பாடல்களிலும் இருக்கிறது. நம் மோகனத்தின் சுரங்கள்தான் சீனர்களின் 'கோங்' என்ற ஐந்து சுர அமைப்பிலும். அதனால் சுரத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, யார், எங்கே, எதற்காகப் பாடினார்கள் என்பதற்குப் போய்விடுங்கள்.

அப்புறம், ஒப்பிட எடுக்கும் ஜோடி பொருந்த வேண்டும். குச்சின் என்ற ஏழு தந்தி மீட்டு கருவி, படித்தவர்கள் தனியாகவோ நண்பர்கள் நடுவிலோ வாசித்தது. அதைக் கிராமத்துப் பாட்டின் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு எடுபடாது. சிச்சுவான் பகுதியில் யாங்சி ஆற்றுப் படகோட்டிகள் வேலையின்போது பாடிய பாட்டை எடுங்கள். ஒருவர் முன்குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரலோடு கயிற்றை இழுப்பார்கள். நீரோட்டம் மாறினால் பாட்டின் வேகமும் மாறும். பக்கத்தில் ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் படகு இழுத்தவர்களின் பாட்டை வைத்தால் எழுத நிறையக் கிடைக்கும்.

எனக்குப் பிடித்த ஜோடி வேறு: ஷாங்காய் வட்டாரத்து 'ஜியாங்நான் சிஜூ' என்ற தந்தி, மூங்கில் கருவிகளின் சேர்ந்திசையும், அயர்லாந்தில் கலைஞர்கள் கூடி நாட்டுப்புற மெட்டுகளை வாசிக்கும் 'செஷனும்'. சிஜூவுக்குத் தேநீர்க்கடை, செஷனுக்கு மதுக்கூடம். இரண்டிலும் எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டுதான். அலங்காரம் மட்டும் அவரவர் கைவண்ணம். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. அயர்லாந்துக்காரர்கள் ஆட்டத்துக்கான நடையை விடமாட்டார்கள். சிஜூவில் பழைய மெட்டின் வேகத்தைக் குறைத்து, இடைவெளிகளில் புதுச் சுரங்களை நிரப்பி, அதையே இன்னொரு உருப்படியாக விரித்துவிடுவார்கள். விடையில் இதைச் சற்று விரித்தே எழுதலாம்.

பதிவைக் கேட்டு அடையாளம் சொல்லும் பகுதிக்குக் கருவிகளின் உடலமைப்பைப் படித்து வையுங்கள். டிஸி என்ற மூங்கில் குழலில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை உண்டு. நாணலின் உட்புறத்து மெல்லிய சவ்வைச் சுருக்கம் விழும்படி அதன்மேல் ஒட்டுவார்கள். பூண்டுச் சாறுகூடப் பசையாகும். அந்தச் சவ்வு அதிர்வதால் வரும் ரீங்காரம் அயர்லாந்து மரக்குழலில் வராது. சீனாவின் இரு தந்தி வில் கருவியான எர்ஹூவா, பிடிலா என்று சந்தேகம் வந்தால், இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் இடம் வருகிறதா என்று கவனியுங்கள். எர்ஹூவின் வில் அதன் இரு தந்திகளுக்கும் நடுவில் ஓடுவதால், மரபான வாசிப்பில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு தந்திதான் பேசும்.