ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுறவங்களுக்கு

தாத்தா தலைமுறையில முருகன், சுப்பிரமணி. திராவிட இயக்கம் வளர்ந்தப்போ ராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ஊரெங்கும் இளங்கோவன், மதியழகன். அப்புறம் சுரேஷ், ரமேஷ், செந்தில்குமார். இப்போ ரித்விக், தன்விக். கூடவே மாறன், நிலவன், ஆதிரன்னு தமிழ்ப் பெயர்களும் வருது, மனசுக்கு நிறைவா இருக்கு.

பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும். பெயரை 12 மாசம் வரை கட்டணமில்லாம சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோட 15 வருஷம் வரை. அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீங்க. எழிலன் மாதிரி ழகரம் வர்ற பெயரை ஆங்கிலத்துல ரெண்டு விதமா எழுதுறாங்க. எண்கணிதத்துக்காக எழுத்து கூட்டுறதும் உண்டு. பிறப்புச் சான்றிதழ்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணுன்னு இருந்தா பாஸ்போர்ட் எடுக்கும்போது அலையணும். இனிஷியலை விரிச்சு எழுதுறதா வேண்டாமான்னும் அப்பவே முடிவு பண்ணிடுங்க.